தி வைல்ட் ஒன்: சிறு பிழைகளும் ஒரு பெரும் பிழையும்

மோட்டார் சைக்கிள் கும்பல்களைப் பற்றிய படங்களுக்கு முன்னோடி, லாஸ்லோ பெனடெக் இயக்கி ஸ்டான்லி கிராமர் தயாரித்த 'தி வைல்ட் ஒன்' (1953). சாய்ந்த தொப்பியும் தோல் மேற்சட்டையுமாக டிரையம்ப் வண்டியில் அமர்ந்திருக்கும் மார்லன் பிராண்டோவைப் படம் பார்க்காதவர்களும் அறிவார்கள்.

இதில் குறை தேடுவோர் முதலில் பிடிப்பது தொடக்கக் காட்சியைத்தான். வெறிச்சோடிய சாலை. கேமரா தரையோடு தரையாக இருக்கிறது. தொலைவில் புள்ளிகளாகத் தெரியும் வண்டிகள் நெருங்கி வந்து சீறிக் கடக்கின்றன. அது உண்மையான சாலை, உண்மையான வேகம். அடுத்த காட்சித்துண்டில் பிராண்டோ அண்மையில் தெரிகிறார். அவருக்குப் பின்னால் கும்பல் வருகிறது. ஆனால் அவர் சாலையிலேயே இல்லை. முன்பே எடுத்த சாலைக் காட்சியைத் திரையின் பின்புறமிருந்து வீழ்த்தி, அதன் முன்னே அசையாத வண்டியில் நடிகரை அமர்த்திப் படமாக்கும் முறை இது. அரங்கின் விளக்கொளி அவர் மேல், வெயில் திரையில், இரண்டும் ஒட்டவில்லை. நட்சத்திரத்தைப் பாதுகாக்கவும் ஒலியைச் சீராகப் பதியவும் அன்றைய ஸ்டூடியோக்கள் வழக்கமாகக் கையாண்ட வழிதான். ஆயினும் வேகத்தையே பேசும் படத்தில் தலைவன் மட்டும் நகராமல் இருப்பது உறுத்துகிறது. கதை நடக்கும் ஊரும் கொலம்பியா நிறுவனத்தின் அரங்கத் தெருதான்.

இவற்றை மன்னித்துவிடலாம். கணக்கில் வராமல் போகும் பிழை, படம் தொடங்குமுன் தோன்றும் எழுத்துகளில் இருக்கிறது. இது நடந்த கதை, மீண்டும் நடக்கவிடக் கூடாது என்று அவை எச்சரிக்கின்றன.

நடந்தது என்ன? 1947 ஜூலையில் கலிபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சிற்றூரில் நடந்த மோட்டார் சைக்கிள் விழாவுக்குச் சுமார் 4,000 பேர் வந்தனர். குடித்துவிட்டுத் தெருவில் பந்தயம் ஓட்டினர், காயங்கள் ஏற்பட்டன, சுமார் 50 பேர் கைதாயினர். யாரும் கொல்லப்படவில்லை. 'லைஃப்' இதழ் வெளியிட்ட புகைப்படத்தில், பீர் பாட்டில்கள் சிதறிக் கிடக்க ஒருவர் வண்டிமீது தள்ளாடுகிறார். அந்தப் பாட்டில்கள் படத்துக்காகவே குவிக்கப்பட்டவை என்று அங்கு நின்றிருந்த ஒருவர் பின்னாளில் கூறினார். 1951இல் 'ஹார்ப்பர்ஸ்' இதழில் ஃபிராங்க் ரூனி எழுதிய சிறுகதையில் ஒரு மரணம் சேர்ந்தது: விடுதிக்காரரின் மகள் இறக்கிறாள். அக்கதையைத் தழுவிய படத்தில் அவள் பிழைத்துக்கொள்ள, ஒரு முதியவர் இறக்கிறார். செய்தி கதையாகி, கதை மீண்டும் செய்தியாகத் திரைக்கு வந்துவிட்டது. பிரிட்டனின் தணிக்கை வாரியம் 1954இல் இதற்கு அனுமதி மறுத்தது. 1967 வரை அந்தத் தடை நீங்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், தொடக்க எச்சரிக்கையைப் படத்தின் உச்சக்கட்டமே மறுக்கிறது. ஊர்க்காரர்கள் கும்பலாகத் திரண்டு ஜானியை அடிக்கிறார்கள். தப்பியோடும் அவன்மீது கூட்டத்திலிருந்து ஒரு இரும்புக் கம்பி பறந்து வருகிறது. அவன் விழுகிறான், ஆளில்லாமல் ஓடிய வண்டி முதியவர்மீது மோதுகிறது. தொப்பியின் கோணத்தை அளப்பவர்கள் இந்த முரணையும் தங்கள் பட்டியலில் சேர்க்கலாம்.