அட்டையும் நடுகல்லும்

சீட்டுக்கட்டு ஒன்றிலிருந்து காவியம் செய்யப் புறப்பட்டவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பத்திரிகையில் இதற்கு இடம் உண்டா என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பவர்களில் பாதிப்பேராவது, 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸை வாடகை நூல்நிலையத்தில் எடுத்துப் படித்து வளர்ந்தவர்கள். புதுக்கவிதைக்கு வந்தபின் அந்த வாசிப்பை மறைத்துக்கொண்டவர்கள். நானும் அப்படித்தான். மின்சாரம் தாக்கியதும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும் மாயாவியின் படத்தில், வரையப்படாத உடலை நாமே வரைந்துகொண்டோம். இலக்கிய வாசிப்புக்கு அது மோசமான பயிற்சி என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

பெங்களூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் அகப்பட்டவை 'த ஷேடோ மேஜ்' என்ற தொடரின் நான்கு இதழ்கள். 1995இல் அமெரிக்காவில் அக்ளெய்ம் நிறுவனம் ஆர்மடா என்ற பெயரில் வெளியிட்டவை. எழுத்து ஜெஃப் கோமெஸ். சித்திரம் வால் மேயரிக். இருபது ஆண்டுகளுக்கு முன் ஸ்டீவ் கெர்பருடன் சேர்ந்து 'ஹோவர்ட்' என்ற வாத்துப் பாத்திரத்தை உருவாக்கிய அதே மேயரிக்தான். தொடரின் மூலம் நாவலோ நாடோடிக் கதையோ அல்ல. 'மேஜிக்: த கேதரிங்' என்ற அட்டை விளையாட்டு. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித ஆராய்ச்சியாளர் அமைத்து, விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1993 ஆகஸ்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த விளையாட்டு அது.

ஆடுகிற இருவரும் மந்திரவாதிகள் என்று பாவனை. அவரவர் கட்டை அவரவரே அமைத்துக்கொள்ள வேண்டும். அட்டைகள் பதினைந்து பதினைந்தாக ஒட்டிய உறைகளில் வந்தன. உள்ளே எது இருக்கும் என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. மலிவாகக் கிடைப்பவை, அரிதாகக் கிடைப்பவை என்று அச்சடிக்கும்போதே தரம் பிரித்துவிடுவார்கள். இல்லாததை இருப்பதைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். வியாபார புத்தியின் உச்சம் என்று ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போகலாம். அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

காரணம், அந்த அட்டையின் உருவம். மேலே ஒரு பெயர். நடுவில் ஒரு சித்திரம். கீழே ஆட்ட விதி. பல அட்டைகளில் விதிக்கும் கீழே சாய்ந்த எழுத்தில் இரண்டொரு வரிகள். ஆட்டத்துக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. முதல் தொகுப்புகளில் அந்த இடத்தில் கோல்ரிட்ஜின் வரிகள்கூட உண்டு. பிராணியின் அட்டையானால் மூலையில் இரண்டு எண்கள்: தாக்கும் வலு, தாங்கும் வலு. அவ்வளவே. முதல் தொகுப்பிலேயே 'அர்ஸாவின் மூக்குக்கண்ணாடி' என்றொரு அட்டை இருந்தது. எதிராளியின் கையிலிருப்பதைப் பார்க்க உதவும் என்பது விதி. அர்ஸா யார்? எந்த ஊர்க்காரன்? அட்டை சொல்லவில்லை. ஒரு பெயரும் அவன் கண்ணாடியும் மட்டும் இருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கவேண்டிய முகத்தை ஆடுகிறவன் உண்டாக்கிக்கொள்கிறான்.

இந்த மௌனத்தைத்தான் காமிக்ஸ்காரர்கள் குறை என்று எடுத்துக்கொண்டார்கள். கதை கேட்கிறார்கள், கதையைக் கொடுப்போம் என்று புறப்பட்டார்கள். 'ஷேடோ மேஜ்' இதழ்களிலும், அடுத்து வந்த 'வேஃபேரர்' இதழ்களிலுமாகச் சொல்லப்படுவது ஜாரெட் கார்த்தாலியன் என்ற பையனின் கதை. கொரொன்டர் நாட்டின் வாரிசு; குலம் அழிந்தபின் எஞ்சியவன். அழித்தவன் ராவிடெல் என்ற மாயக்காரன். வனத்துக் கிறிஸ்டினா வித்தை கற்பிக்கிறாள். பையன் வளர்ந்து பழிதீர்க்கப் போகிறான். ஆளைத் தெரியாமலே கதையைச் சொல்லிவிடலாம். நம்மூர்த் தெருக்கூத்தில் திரைக்குப் பின்னால் சலங்கைச் சத்தம் கேட்டதும் இன்னார் வருகிறார் என்று குழந்தைகூடச் சொல்லிவிடுவதைப்போல. ஆனால் கூத்தில் அப்படித் தெரிந்திருப்பது ஒரு பலம். தெரிந்த கதை என்பதால் கவனம் முழுவதும் ஆட்டக்காரன் அந்த இரவில் என்ன செய்கிறான் என்பதில் குவிகிறது. இங்கே அது நிகழவில்லை. மந்திரம் ஏவப்படும் கட்டத்தில் வாசகன் அனுபவிப்பது பயத்தையோ வியப்பையோ அல்ல, அடையாளம் கண்டுகொண்ட திருப்தியை: 'இது என்னிடம் உள்ள அட்டை.' சித்திரம் விற்பனைப் பட்டியலாகிவிடுகிறது. சில இதழ்களோடு ஓர் அட்டையையும் உறையிலிட்டே விற்றார்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் சித்திரம் முழுமையாகும். எனக்குக் கிடைத்த இதழ்களில் அட்டை இல்லை. யாரோ எடுத்துக்கொண்டு கதையைப் பழைய கடைக்குப் போட்டுவிட்டார்கள். அதை ஒரு விமர்சனமாகவே எடுத்துக்கொண்டேன்.

காசுக்காக எழுதப்பட்டது என்பது என் குற்றச்சாட்டு அல்ல. பரிசிலுக்குப் பாடிய மரபில் வந்துகொண்டு அதை நாம் சொல்லக் கூடாது. அவ்வையாரும் அஞ்சியின் வாசலில் பரிசில் நீட்டித்ததற்காகக் கோபித்துக்கொண்டவர்தான். யார் காசு கொடுத்தார்கள் என்பது கேள்வியல்ல. கொடுக்கப்பட்ட மௌனத்தை எழுதுகிறவன் என்ன செய்தான் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி எனக்குத் தருமபுரியில்தான் கூர்மைப்பட்டது. விடுமுறைக்கு வந்திருந்த தங்கை மகனை இங்குள்ள அருங்காட்சியகத்துக்கு நடுகற்களைக் காட்டக் கூட்டிப்போயிருந்தேன். இந்த மாவட்டத்திலும் பக்கத்தில் செங்கம் பகுதியிலும் பல்லவர், கங்கர், நுளம்பர் காலத்துக் கற்கள் வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் நின்றுகொண்டிருந்தன. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' 1972இல் வந்தபிறகுதான் நம்மில் பலர் அவற்றை ஏறிட்டுப் பார்த்தோம். பையன் ஒரு கல்லின்முன் வெகுநேரம் நின்றான். வில்லும் வாளுமாக ஒரு வீரன், சுற்றி வட்டெழுத்து. "இவருக்குப் பவர் எவ்வளவு மாமா?" என்று கேட்டான். சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் சிரித்திருக்கக் கூடாது என்று தோன்றியது. அவன் உருவத்தைச் சரியாகவே அடையாளம் கண்டிருந்தான்.

பெயர், சித்திரம், இரண்டொரு வரி. இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டில், இன்னாருடைய சேவகன், ஆநிரை கவர்ந்தபோதோ மீட்டபோதோ பட்டான், அவன் கல். நடுகல் சொல்வது பெரும்பாலும் இவ்வளவுதான். எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு கோவிவன் என்ற நாயும் நிற்கிறது. இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டு அதற்கும் ஒரு வாக்கியம் கொடுத்திருக்கிறது. அந்த நாயின் நிறம் என்ன, எசமானன் விழுந்தபின் அது என்னாயிற்று என்று கல் சொல்லவில்லை. ஒரு எழுத்தாளன் அதை வைத்து நானூறு பக்க நாவல் எழுதிவிடலாம். எழுதினால் கல்லைவிடச் சிறியதாகவே இருக்கும் என்று பயப்படுகிறேன்.

அட்டைக்கும் கல்லுக்கும் பேதமே இல்லையா? உண்டு. அட்டை ஆயிரக்கணக்கில் அச்சாவது, கைமாறுவதற்கென்றே பிறந்தது. கல் ஒன்றுதான், நட்ட இடத்தை விட்டு நகராதது. அட்டையின் அர்ஸா என்றும் இருந்ததில்லை. கல்லின் வீரன் ஒரு குறிப்பிட்ட நாளில் ரத்தம் சிந்திச் செத்தான். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதற்கு மகுடம் சூட்டுகிற சமரசம் எனக்கு உவப்பில்லை. ஆனால் இரண்டும் பார்க்கிறவனிடம் ஒரே வேலையைக் கேட்கின்றன. மீதியை நீ சும என்கின்றன.

அதைச் சுமந்து காட்டியவர் அவ்வையார். அஞ்சி இறந்தபின் அவனுக்கு நட்ட கல்லின்முன் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் வார்த்து வைத்திருக்கிறார்கள். புறநானூற்றின் 232ஆம் பாட்டு அங்கே நின்று பேசுகிறது. தகடூர் முற்றுகையை அது விவரிக்கவில்லை. அவன் எப்படி விழுந்தான் என்று சொல்லவில்லை. நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தக் கொஞ்சம் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று மட்டும் கேட்கிறது. கல்லின் மௌனத்தை அது நிரப்பவில்லை. அந்த மௌனத்தை நோக்கிப் பேசுகிறது. நிரப்புவதற்கும் நோக்கிப் பேசுவதற்கும் உள்ள இந்த தூரம்தான் காமிக்ஸுக்கும் கவிதைக்கும் உள்ள தூரம் என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொன்னால் தப்பு. காமிக்ஸிலும் நோக்கிப் பேச முடியும். அந்த இரும்புக் கை அதைச் செய்தது. கவிதையிலும் நிரப்பிக்கொண்டிருப்பவர்கள் நம் நடுவிலேயே இருக்கிறார்கள்.

அஞ்சிக்கு நாம் செய்திருப்பதைப் பாருங்கள். தகடூர்ப் போரை உரையும் பாட்டுமாகச் சொன்ன 'தகடூர் யாத்திரை' அழிந்துபோயிற்று. புறத்திரட்டிலும் உரைகாரர் மேற்கோளிலும் சிதறிய செய்யுள்களே மிச்சம். எஞ்சிய புறப்பாட்டுகளில் ஒரு முழு மனிதன் இருக்கிறான்: பரிசிலைத் தாமதிக்கிறவன், பிள்ளைகளிடம் சாதுவான யானையைப்போல இருக்கிறவன், கள் கொஞ்சமாக இருந்தால் அவ்வைக்கே கொடுத்துவிடுகிறவன். நாமோ பாடப்புத்தகத்தில் நெல்லிக்கனி நீட்டும் ஒரு படமாக அவனை அச்சடித்து வைத்துக்கொண்டோம். பெயர், சித்திரம், ஒரு வரி. விமர்சகர்களும் பாட்டின் கீழுள்ள பழங்குறிப்பைப் படித்து, இன்னார் இன்னாரை இன்ன சந்தர்ப்பத்தில் பாடியது என்று கதை சொல்லிவிட்டு, பாட்டைத் தொடாமல் நகர்ந்துவிடுகிறார்கள். நானும் இதைச் செய்திருக்கிறேன். கோமெஸைக் கேலி செய்ய எனக்குள்ள அருகதை கொஞ்சம்தான்.

ஜாரெட்டின் கதைக்கு ஒரு பின்கதை உண்டு. தொடர் 1996இல் நின்றுபோயிற்று. எல்லா முடிச்சுகளையும் அவிழ்க்கும் என்று சொல்லப்பட்ட பெரும்போர் இதழ்கள் வரவேயில்லை. பையன் பாதி வழியில் நின்றான். சுமார் கால் நூற்றாண்டு கழித்து, 2020இல் வந்த ஒரு தொகுப்பில் அவன் பெயரில் ஓர் அட்டை அச்சானது, 2022இல் மற்றொன்று. அட்டையிலிருந்து கிளம்பிய கதை சிதைந்து, கதையின் நாயகன் அட்டையாகி நிற்கிறான். பழைய இதழ்களைப் பார்த்திராத பையன்கள் இன்று அந்தப் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு, யார் இவன் என்று கேட்கிறார்கள். தொடரின் எந்தப் பக்கமும் எழுப்பாத கேள்வியை அது முடியாமல் போனது எழுப்பிவிட்டது.

தங்கை மகன் ஊருக்குத் திரும்புவதற்கு முன் அந்தக் கல்வெட்டின் பொருளை எழுதித் தரும்படி கேட்டான். எழுதிக் கொடுத்தேன். இரண்டு வரிகூட வரவில்லை. அதற்குமேல் ஒன்றும் சேர்க்காமல் இருக்க எனக்குப் பெரும் பிரயத்தனம் வேண்டியிருந்தது.