மொட்டைத் தலையனை யாரும் பார்ப்பதில்லை

ஹிட்மேன் வரிசையை மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் பாதியில் விட்டிருக்கிறேன். கல்லூரி விடுதியில் ‘பிளட் மணி’, அது 2006இல் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘அப்சல்யூஷன்’, 2012. பிறகு மும்பை வருகிறது என்பதற்காகவே வாங்கிய 2018இன் ‘ஹிட்மேன் 2’. ஒவ்வொரு தடவையும் நண்பர்கள் சொன்னது ஒன்றுதான்: “கொஞ்சம் பொறுத்து ஆடுடா, அப்புறம் தானா பிடிச்சுக்கும்.” பிடித்துக்கொள்ளவில்லை. ஆனால் மறக்கவும் முடியவில்லை. பிடிக்காத ஆட்டத்தைப் பற்றி இவ்வளவு காலம் யாரும் யோசிப்பதில்லை என்பதால், எனக்கும் இதற்கும் நடுவில் இருப்பது என்ன என்று எழுதிப் பார்க்கிறேன்.

ஆடாதவர்களுக்குச் சுருக்கமாக: கோபன்ஹேகனில் இருக்கும் ஐஓ இன்டராக்டிவ் 2000இல் தொடங்கிய வரிசை இது. நாயகன் ஏஜென்ட் 47. ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட கூலிக் கொலையாளி. மொட்டைத் தலை, பின்னந்தலையில் பார்கோடு, கறுப்புக் கோட்டு, சிவப்பு டை. ஓர் இடத்துக்குள் ஆளோடு ஆளாகப் புகுந்து, சொல்லப்பட்டவரை மட்டும் கொன்றுவிட்டு, வந்த சுவடு தெரியாமல் வெளியேற வேண்டும். துப்பாக்கி உண்டு, அதை எடுத்தாலே பாதி தோற்ற மாதிரி.

2016இல் வரிசையைப் புதிதாகத் தொடங்கியபோது முதல் பெரிய களமாகப் பாரிஸை வைத்தார்கள். ஒரு மாளிகை, கீழே ஃபேஷன் ஷோ, மேல்மாடியில் ரகசிய ஏலம். விக்டர் நோவிகோவ், டாலியா மார்கோலிஸ் என்று இரண்டு பேரை முடிக்க வேண்டும். நோவிகோவ் கூடத்தில் நடப்பார், யாரிடமோ பேசுவார், ஒரு கோப்பை கேட்பார், மறுபடி நடப்பார். நீங்கள் எதுவும் செய்யாமல் ஒரு மூலையில் நின்றால் அவர் மறுபடி அதே சுற்று வருவார், அதே இடத்தில் நிற்பார். ஆட்டம் முழுக்க இந்தச் சுற்றுகள்தான். சமையல்காரனுக்கு ஒரு சுற்று, காவலாளிக்கு ஒரு சுற்று. எல்லாச் சுற்றுகளையும் மனப்பாடம் செய்து, எங்கே ஒரு குச்சியைச் செருகினால் சக்கரம் நாம் நினைத்த பக்கம் சாயும் என்று கண்டுபிடிப்பதுதான் ஆட்டம்.

எழுதும்போதே எனக்குக் கை அரிக்கிறது. அவ்வளவு அழகான வடிவமைப்பு. ஆனால் ஆட உட்கார்ந்தால் அரை மணியில் சலிப்பு. மெதுவாகப் போகிறது என்பது காரணமில்லை. ஏற்காட்டிலிருந்து மாரமங்கலத்துக்கு பஸ்ஸுக்காக நின்று வளர்ந்தவனுக்குக் காத்திருப்பதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சலிப்புக்கு முதல் காரணம் என் வேலை. மென்பொருளில் ஒரு பிழையைப் பிடிக்க என்ன செய்கிறோம்? அதே சூழலை மறுபடி உருவாக்குகிறோம், ஒரே ஒரு உள்ளீட்டை மாற்றுகிறோம், ஓட்டிப் பார்க்கிறோம், உடைந்தால் பழைய நிலைக்குத் திரும்புகிறோம். ஹிட்மேனில் சேவ் செய்து, பிளம்பரைத் தட்டிவிட்டு, மாட்டிக்கொண்டு, லோட் செய்து, இந்த முறை சமையலறை வழியாகப் போவது அச்சு அசல் இதுதான். பகலெல்லாம் சம்பளத்துக்குச் செய்வதை ராத்திரி காசு கொடுத்துச் செய்ய மனசு வரமாட்டேங்குது.

சேவ் வசதி இன்னொன்றையும் கெடுக்கிறது. ஒளிந்து ஆடும் ஆட்டத்தின் உயிர், மாட்டிக்கொண்ட பின் வரும் அந்த ஒரு நிமிடம். மூச்சு முட்ட ஒரு பொய் சொல்லித் தப்பிக்கிற நிமிடம். நல்ல ‘சைலன்ட் அசாசின்’ மதிப்பீடு வேண்டும் என்று நினைக்கிற எவனும் அந்த நிமிடத்தை வாழ்வதே இல்லை. காவலாளி “ஏய்” என்று திரும்புவதற்குள் லோட் பொத்தானுக்குப் போய்விடுகிறான். ஆட்டம் சொல்லும் கதையில் 47 ஒரு தடவைகூடத் தடுமாறாதவன். அவனை ஆட்டுகிற நாம் நாற்பது தடவை தடுமாறியிருக்கிறோம். அந்த நாற்பதும் அழிந்துபோகிறது.

இதையெல்லாம் ஒரு விடுமுறையில் சகித்துக்கொண்டுவிடலாம். சகிக்க முடியாதது மாறுவேடம்.

மும்பையை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதுதான் நமக்குப் பக்கம். இலக்குகள் மூன்று பேர். உயரமான கோபுரத்தில் வாழும் பாலிவுட் தயாரிப்பாளர் ஒருவர். பெயர் தாவூத் ரங்கன். (தாவூதும் ரங்கனும் ஒரே பிறப்புச் சான்றிதழில் எப்படிச் சேர்ந்தார்கள் என்று எந்த சேலத்துக்காரனும் கேட்பான். தட்டில் இருந்த இரண்டு இந்தியப் பெயர்களை எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.) ரயில் யார்டில் தர்பார் நடத்தும் வன்யா ஷா. குடிசைப் பகுதியில் கூட்டத்தோடு கூட்டமாக நடமாடும் வாசிர் காலே என்ற ‘மேல்ஸ்ட்ராம்’. இங்கே 47 தையல்காரனாகி ராணியம்மாவுக்கு அளவெடுக்கலாம், ஓவியனாகி ரங்கனை வரையலாம், நாவிதனாகி மேல்ஸ்ட்ராமின் கழுத்தில் சவரக் கத்தி வைக்கலாம். ஆறடிக்கு மேல் வளர்ந்த வெள்ளைக்காரன், மொட்டை, தலையில் பார்கோடு. மும்பைக் குடிசைப் பகுதியில் முடிதிருத்தும் கடைக்குள் வருகிறான். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இது விளையாட்டு, இதைப் போய் சீரியஸா எடுத்துக்கிறியே என்று கேட்பார்கள். ரசிகர்களுக்கே இது பழைய ஜோக். ஆனால் எனக்கு ஜோக்காகப் போகாமல் தொண்டையில் நிற்பதற்குக் காரணம் ஊர். மாரமங்கலத்தில் பஸ்ஸிலிருந்து ஒரு புது ஆள் இறங்கினால் அவர் டீக்கடை பெஞ்சுக்கு வருவதற்குள் மூன்று கேள்வி வந்துவிடும்: “யாருங்க? எந்தூருங்க? யாரு ஊட்டுக்கு வந்தீங்க?” பகையில்லை, சந்தேகமும் இல்லை. பதில் சொன்னால் டீ வரும். சட்டையைப் பார்த்து ஆளை முடிவு செய்வது கீழ்நாட்டுப் பழக்கம். இங்கே நடையைப் பார்த்தே இன்னார் மகன் என்று சொல்லிவிடுவார்கள். பக்கத்து எஸ்டேட்டில் மிளகு பறிக்க வந்த ஆளின் சட்டையை நான் போட்டுக்கொண்டு போனால் முதலில் வரும் கேள்வி, “அவனுக்கு என்ன ஆச்சு?” என்பதுதான்.

அந்தக் கேள்வியைத்தான் ஹிட்மேன் உலகத்தில் யாரும் கேட்பதில்லை.

இங்கே ‘அப்சல்யூஷ’னைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரசிகர்கள் சேர்ந்து திட்டும் ஆட்டம் அது, பெரும்பாலும் நியாயமாகவே. பரந்த களங்களைச் சின்னச் சின்ன அறைகளாக நறுக்கினார்கள். கதை படு மட்டம். ஆனால் அவர்கள் அதிகம் திட்டியது மாறுவேட விதியை. அந்த ஆட்டத்தில் நீங்கள் போலீஸ் உடுப்பு போட்டால் எல்லாப் போலீஸ்காரர்களும் உங்களைச் சந்தேகிப்பார்கள். சமையல்காரனானால் மற்ற சமையல்காரர்கள் உற்றுப் பார்ப்பார்கள். ஒரே உடுப்புக்காரன் தன் ஆளை அறிவான் என்பது விதி. ஆட முடியவில்லை என்று கத்தினார்கள். 2016இல் விதி மாறியது: இப்போது தலைக்கு மேல் வெள்ளைப் புள்ளி தெரியும் சிலர் மட்டுமே, பெரும்பாலும் மேலாளர்கள், உங்களைக் கண்டுபிடிப்பார்கள். கூட வேலை செய்கிற மற்றவர்களுக்கு நீங்கள் யாரென்று தெரியாது.

ஆட்டமாகப் புதிய விதிதான் சரி. பழையதில் மாறுவேடத்துக்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று. ஆனால் மனிதர்களைப் பற்றிய அறிவில் பழைய விதியே மேல். சேர்ந்து பாத்திரம் கழுவுகிறவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். புது ஆள் வந்தால் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும், மேனேஜருக்குக் கடைசியில்தான் தெரியும். புதிய ஹிட்மேன் இதைத் தலைகீழாக்கி, தொழிலாளியின் கண்ணைப் பிடுங்கி மேலாளரிடம் கொடுத்துவிட்டது. ஆட்டம் சுகமாக ஓடுவதற்கு அதுதான் விலை.

நேர்மையாக மறுபக்கமும் சொல்கிறேன். பணக்காரன் உடுப்பைத்தான் பார்க்கிறான், ஆளைப் பார்ப்பதில்லை என்பதில் இந்த வரிசை கில்லாடி. சர்வர் உடையில் கையில் தட்டோடு நின்றால் கோடீஸ்வரர்கள் உங்கள் முன்னாலேயே கொலைத் திட்டத்தைப் பேசுவார்கள். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த நாளிலிருந்து இந்த மலையில் பங்களாக்கள் உண்டு. பங்களா உள்ள எந்த ஊரிலும் சமையலறைக் கதவருகே நிற்பவர் காதில் விழாத ரகசியம் கிடையாது. அங்கே நிற்பவரை யாரும் ஆளாகக் கணக்கில் வைப்பதில்லை என்பதே காரணம். இதைத் தெரிந்து வைத்திருக்கும் ஆட்டங்கள் குறைவு. ஹிட்மேனில் ஒட்டுக்கேட்கும் இடங்கள்தான் எனக்கு உண்மையில் பிடித்தவை. இலக்கைத் தொடாமல், இத்தாலியக் கடற்கரை ஊரான சாபியென்சாவில் பேச்சு கேட்டுக்கொண்டே ஒரு முழு மாலை நடந்திருக்கிறேன்.

ஆனால் அந்த சர்வரின் உடை எங்கிருந்து வந்தது? பின்கட்டில் ஒருவரைக் கழுத்தை நெரித்து மயக்கி, உடையைக் கழற்றி, உள்ளாடையோடு ஒரு பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு வந்திருக்கிறோம். இலக்கில்லாத ஆளைக் கொன்றால் மதிப்பெண் போச்சு. மயக்கினால் குறையாது, உடல் யார் கண்ணிலும் படாத வரை. அவர் தானாக எழுந்திருக்கவும் மாட்டார். களம் முடியும்வரை பெட்டிக்குள்ளேயே கிடப்பார். யாரும் தேட மாட்டார்கள், அவர் செய்த வேலை நின்றுபோனதை யாரும் கவனிக்க மாட்டார்கள். கீழே இருப்பவன் மேலே இருப்பவன் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று நம்மிடம் கிண்டலாகச் சொல்கிற ஆட்டம், தானும் அவனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறது. சுத்தமான வேலைக்கு ஐந்து நட்சத்திரமும் தருகிறது. என்னால் உள்ளே போக முடியாத இடம் துல்லியமாக இதுதான்.

இந்தியா இந்த வரிசைக்குப் புதிதல்ல. 2002இல் வந்த ‘சைலன்ட் அசாசின்’ ஆட்டத்தில் பஞ்சாபில் சில களங்கள் இருந்தன. பொற்கோயிலை நினைவூட்டும் கட்டடமும், கொல்லப்படும் தலைப்பாகைக்காரர்களும் சீக்கிய அமைப்புகளின் எதிர்ப்பைக் கிளப்பினார்கள். வெளியீட்டாளர் எய்டோஸ் மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. அதோடு ஒப்பிட்டால் 2018இன் மும்பை பெரிய முன்னேற்றம். கூட்டம் கூட்டமாகத் தெரிகிறது, ஒருவர் முகம் போல இன்னொருவர் முகம் இல்லை. அதிலும் மேல்ஸ்ட்ராம் என்ற யோசனை அருமை. அவனுக்குப் படம் கிடையாது. சாதாரணச் சட்டையில் சாதாரணமாக நடக்கும் அவனைத் துப்பு சேர்த்து நாமே அடையாளம் காண வேண்டும். மறைந்திருப்பதில் 47ஐவிட அவன் கெட்டிக்காரன். அவனுக்கு மாறுவேடம் தேவைப்படவில்லை, அவன் அந்த இடத்து ஆள். களத்தை எழுதியவர்களில் யாரோ ஒருவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

நடுவில் ஒரு நடைமுறைச் செய்தி. தனியாளாக ஆடும் ஆட்டம்தான், ஆனாலும் மதிப்பெண்ணும், புதுக் கருவிகள் திறப்பதும் சர்வரோடு இணைந்திருந்தால்தான். 2021 செப்டம்பரில் இதை ஜிஓஜி தளத்தில் விற்பனைக்கு விட்டார்கள். பூட்டு இல்லாத ஆட்டங்களை விற்பதுதான் அந்தத் தளத்தின் கொள்கையே. வாங்கியவர்கள் போட்ட சத்தத்தில் அடுத்த மாதமே எடுத்துவிட்டார்கள். நகரத்துக்காரர்களுக்கு இது கொள்கைச் சண்டை. காற்றடித்து ஒரு சில்வர் ஓக் கிளை கம்பியில் விழுந்தால் கரண்டும் நெட்டும் சேர்ந்து போகிற மலையில் இது வெறும் கொள்கை இல்லை.

இப்போது நான்காவது தடவையாக ஆடுகிறேன், கொஞ்சம் ஓடுகிறது. 2023 ஜனவரியில் மூன்று பாகங்களையும் ‘வேர்ல்ட் ஆஃப் அசாசினேஷன்’ என்று ஒன்றாக்கி, ‘ஃப்ரீலான்சர்’ என்ற முறையைச் சேர்த்தார்கள். அதில் களத்துக்குள் சேவ் கிடையாது. மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொண்டதுதான், கையிலிருந்த கருவியும் போகும், காசும் குறையும். மேலே சொன்ன அந்த ஒரு நிமிடம் திரும்பி வந்துவிட்டது. போன வாரம் சாபியென்சா மீன் சந்துக்குள் ஒரு பெட்டிக்குப் பின்னால் இரண்டு நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், உள்ளங்கை வேர்த்தது.

ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு தலைவனை அடையாளம் காண வேண்டும். சந்தேகப் பட்டியலில் சில பேர் ஊருக்குள் நடமாடுகிறார்கள். தெரிந்தது இவ்வளவே: கண்ணாடி போடுவார், காதில் கம்மல், அடிக்கடி புகைப்பார், அல்லது தும்முவார், அல்லது கையில் புத்தகம் வைத்திருப்பார். பின்னாலேயே நடந்து பழக்கத்தைப் பார்த்துத்தான் இவர்தான் என்று முடிவுக்கு வர முடியும். உடுப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. கீழ்வீட்டுப் பெரியப்பா ஒரு நாள் என் பின்னால் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் நான்கு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். “நாலாவது ஆளுதான்டா,” என்றார். “நிக்க முடியாம நிக்கிறான் பாரு.” அது சரியாகவே இருந்தது.

மும்பையை இன்னும் முடிக்கவில்லை. சேமித்து வைத்த அந்த ஆட்டத்தில், சலவைக் கூடத்துக்குப் பின்னால் ஒரு பெட்டிக்குள் தொழிலாளி ஒருவர் 2018இலிருந்து கிடக்கிறார்.