தோட்டத்து ராமன் கேட்ட வரம்

சிங்கப்பூரில் டோபி காட் என்றோர் இடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த ஓடைக்கரையில் நம் நாட்டு வண்ணார் துணி வெளுத்து உலர்த்தினர். அவர்தம் உழைப்பே அவ்விடத்திற்குப் பெயராயிற்று. 1939இல் அங்கே கேத்தே படமாளிகை எழுந்தது. சென்ற திங்களில் ஒரு ஞாயிறன்று, அம்மாளிகைக்கு நடைதூரத்தில் வாழும் நண்பர் இல்லத்தில் ‘பாதாள பைரவி’ என்னும் பழம்படத்தைக் கண்டேன். ஜொகூர்த் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்க்கும் என்னைக் கதாநாயகனின் பெயரே முதலில் ஈர்த்தது. தெலுங்கில் தோட்ட ராமுடு. நம் வழக்கில் தோட்டத்து ராமன். அவன் பூந்தோட்டக்காரன் மகன். பால்மரத் தோட்டத்தான் அல்லன். ஆயினும் அப்பெயர் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது.

விஜயா நிறுவனத்தார் கே.வி. ரெட்டியின் இயக்கத்தில் தெலுங்கிலும் தமிழிலும் ஒருங்கே எடுத்த படம் இது. 1951ஆம் ஆண்டு மார்ச்சில் தெலுங்கிலும், மே மாதத்தில் தமிழிலும் வெளிவந்தது. கதையை ஆக்கியவர் பிங்களி நாகேந்திரராவ். தமிழுக்கு எழுதியவர் தஞ்சை ராமையாதாஸ். தெலுங்கின் காசி மஜிலிக் கதைகளிலிருந்து ஓர் இழையும், அராபிய அலாவுதீன் கதையிலிருந்து ஓர் இழையும் எடுத்து நெய்த துணி என்னலாம். என்.டி. ராமராவின் துடிப்பும், கண்டசாலாவின் இசையும், குகையின் இருளையும் மாளிகையின் ஒளியையும் கருப்பு வெள்ளையிலேயே வேறுபடுத்திக் காட்டும் மார்கஸ் பார்ட்லியின் படப்பிடிப்பும் புகழத்தக்கவையே. 1952இல் பம்பாயில் தொடங்கிய முதல் உலகப் படவிழாவில் இது காட்டப்பெற்றதில் வியப்பில்லை. நிற்க.

கதை என்ன சொல்கிறது? உஜ்ஜயினி அரசகுமாரி இந்துமதியைத் தோட்டக்காரன் மகன் காதலிக்கிறான், பிடிபடுகிறான். தனக்கு நிகரான செல்வம் ஈட்டி வந்தால் மகளைத் தருவதாக அரசன் கூறுகிறான். “பார்த்தீர்களா! அந்தக் காலத்திலேயே பிறப்பு என்னும் தடையை உடைத்துவிட்டார்கள்!” என்று நண்பர் மகிழ்ந்தார். உடைத்தார்களா? பிறப்பு என்னும் பூட்டைக் கழற்றிவிட்டுப் பணம் என்னும் பூட்டை மாட்டினார்கள். கதவு மூடியபடியேதான் இருக்கிறது. ராமனும் அந்நிபந்தனையை ஏற்றுக்கொண்டே பொருள் தேடப் புறப்படுகிறான்.

அப்போது வருகிறான் நேபாள மாந்திரீகன். படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவ்வேடம் பூண்ட எஸ்.வி. ரங்காராவ் உருட்டி மிரட்டும் அரக்கனாக மட்டும் நின்றுவிடவில்லை. குழைகிறார், இனிக்கப் பேசுகிறார், ஆசை காட்டுகிறார். மாந்திரீகனுக்கு வேண்டியதோ பலியிட ஒரு வீர இளைஞன். இக்காட்சியில் எனக்கு என் கொள்ளுப்பாட்டனார் நினைவு வந்தது. 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை, கங்காணிமார் ஊரூராய்ச் சென்று மலாயாவுக்கு ஆள் சேர்த்தனர். மரத்தடியில் காசு கிடக்கும் என்று கேட்டே அவர் கப்பலேறினாராம்; எங்கள் வீட்டில் சொல்வார்கள். குகைக்குள் நுழைந்த பின்னரே பலிபீடம் கண்ணிற் பட்டது.

ராமன் எவ்வாறு தப்பினான்? குளத்தில் முதலையாய்க் கிடந்த பெண்ணொருத்தி சாபம் நீங்கி, மாந்திரீகனின் உள்நோக்கத்தை அவனுக்கு உரைக்கிறாள். உண்மை தெரிந்தது, பணிவு அற்றது. ஏய்ப்பவனின் எண்ணத்தை எடுத்துச் சொல்ல ஒரு குரல் இருந்தால் எளியவன் பிழைப்பான் என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல முடியுமோ?

ஆனால் அடுத்த கணமே படம் வழுக்கி விழுகிறது. மாந்திரீகனையே பலியிட்டு, அவன் நாடிய மந்திரச் சிலையை ராமன் அடைகிறான். பலிபீடத்தை அவன் இடித்தானில்லை, ஆளைத்தான் மாற்றினான். கேட்டதைக் கொடுக்கும் தேவியிடம் அவன் பெற்ற வரம் ஒரு மாளிகை. கல் சுமந்தவர் இல்லை, சுண்ணாம்பு அரைத்தவர் இல்லை; நொடியில் எழுகிறது. பின்னர்ச் சிலை களவு போனதும் மாளிகையும் மறைகிறது. உழைப்பின்றி வந்தது நிலையாது என்று படமே நமக்குக் காட்டிவிட்டது. ஆனால் காட்டியதை அதுவே உணரவில்லை. ஏனெனில் அச்சிலையை மீண்டும் கைப்பற்றுவதையே இறுதி வெற்றியாகக் கொண்டாடுகிறது.

“மாயாஜாலப் படத்தில் கணக்குப் பார்க்கலாமா, கிராணியாரே?” என்று நண்பர் நகைத்தார். கணக்குப் பார்ப்பது என் தொழில் அன்றோ! சம்பள நாளில் செக்ரோலைப் பார்த்துப் பணம் கணக்கிடுகிறேன். அன்று மாலையே நான்கு இலக்கச் சீட்டுக் கடையில் அதே முகங்களைக் காண்கிறேன். கனவில் வந்த எண், சாமியாடி சொன்ன எண், விபத்தில் நொறுங்கிய வண்டியின் எண் ஆகிய இவையெல்லாம் நம் மக்கள் தேடும் மந்திரச் சிலைகள். பிறரைச் சொல்வானேன்? அலாவுதீன் கதையை ஆங்கிலப் பள்ளியில் படித்துத் தேறிய நானும் அவ்வரிசையில் நின்றவனே. கூலி உயர்வுக்காகச் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்த நாட்களைவிட, அங்கே நின்ற நாட்கள் அதிகம். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஆகவே படத்தைப் பாராதீர் என்பேனோ? பாருங்கள், பிள்ளைகளோடு பாருங்கள். மாந்திரீகன் இனிக்கப் பேசும் இடத்தில், “இவனைப் போன்றவரை நாம் கண்டதுண்டா?” என்று கேளுங்கள். சிலை கைக்கு வரும் இடத்தில், “நீயாயிருந்தால் என்ன கேட்பாய்? யாருக்காகக் கேட்பாய்?” என்று கேளுங்கள். நல்ல பொழுதுபோக்கு அத்தகைய கேள்விகளால் கெட்டுவிடாது.

அன்றிரவு டோபி காட் வழியே ஊர் திரும்பினேன். வெளுப்போர் இன்று அங்கில்லை. பழைய படமாளிகையிலும் முகப்பு ஒன்றே எஞ்சி நிற்கிறது. மூன்று தடங்கள் கூடும் ரயில் நிலையத்தின் பலகையில் மட்டும் அவ்வண்ணாரின் தொழிற்பெயர் நிலைத்திருக்கிறது. எந்தப் பைரவியும் இந்நகரை ஒரு நொடியில் எழுப்பித் தரவில்லை என்பதற்கு அப்பலகையே சான்று.