குறுகுறுப்பும் குணமும்

தலைவலிக்கு மின்சாரம் புதிதல்ல. முதல் நூற்றாண்டு ரோமில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற மருத்துவர், மின்னதிர்ச்சி தரும் திருக்கை மீனை உயிரோடு வலிக்கும் இடத்தில் வைக்கச் சொன்னார். இன்று அந்த வேலையைச் செய்ய செஃபாலி இருக்கிறது. நெற்றியில் ஒட்டி, தினமும் 20 நிமிடம் டிரைஜெமினல் நரம்பின் கிளையைத் தூண்டும் சின்னக் கருவி. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2014இல் இதற்கு அனுமதி கொடுத்தது.

ஆதாரமாகக் காட்டப்படுவது பெல்ஜியத்தில் 67 பேரிடம் நடந்த சோதனை. மூன்று மாதத்தில் ஒற்றைத் தலைவலி நாட்கள் பாதிக்குப் பாதியாவது குறைந்தவர்கள், நிஜக் கருவி அணிந்தோரில் 38 சதவீதம். போலிக் கருவி அணிந்தோரில் 12. நல்ல வித்தியாசம்தான். ஆனால் போலி மாத்திரையை விழுங்கியவருக்கு வித்தியாசம் தெரியாது. கருவி அப்படியல்ல: நிஜ மின்சாரம் ஓடினால் புருவத்துக்கு மேல் நன்றாகவே குறுகுறுக்கும், போலியில் ஓடுவது பெயருக்குத்தான். எது கிடைத்தது என்று நோயாளி ஊகித்துவிட்டால், அந்த 38இல் நரம்பின் பங்கு எவ்வளவு, நம்பிக்கையின் பங்கு எவ்வளவு?

மேற்கையில் கட்டும் நெரிவியோ (இந்தியாவில் டாக்டர் ரெட்டீஸ் விற்கிறது) இந்த விஷயத்தில் ஒரு படி மேல். 2019இல் வெளியான சோதனையில் அதன் போலிக் கருவியும் உணரும்படியே துடித்தது. இரண்டு மணி நேரத்தில் வலி தணிந்தவர்கள் 67 சதவீதம், போலியில் 39. போலிக்கே 39!

இவற்றை நான் ஒதுக்கிவிட மாட்டேன். வலி மாத்திரையை அளவுக்கு மீறிப் போட்டு, அதனாலேயே தலைவலியை வளர்த்துக்கொண்டவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்குத் தோல் எரிச்சலோடு போகும் ஒரு கருவி சின்ன வரமில்லை. என் சண்டை வேறு. இந்தச் சோதனைகளில் இருந்தவர்கள் விட்டுவிட்டு வலி வருபவர்கள். மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் அவதிப்படுபவரிடம் அதே எண்ணைக் காட்டி விற்பது நியாயமில்லை. கழுத்தில் வேகஸ் நரம்பைத் தூண்டும் காமாகோர் கருவி, கொத்துத் தலைவலி (கிளஸ்டர்) என்ற வேறு வகை வலி இடைவெளி விட்டு வருபவர்களுக்குக் கைகொடுத்தது. ஓயாமல் வருபவர்களுக்கு, வந்த வலியை நிறுத்தும் சோதனையில் கைவிரித்துவிட்டது.

உள்ளே போகப் போக ஆதாரம் மெலிகிறது, ஆபத்து கூடுகிறது. பின்மண்டை நரம்பருகே மின்முனை பதித்து 157 பேரிடம் செய்த சோதனை, 2012இல் தன் முதன்மை இலக்கையே எட்டவில்லை. பதித்த கம்பி இடம் நகர்வதும் கிருமி தொற்றுவதும் தனித் தொல்லை. கொத்துத் தலைவலிக்காக மூளையின் ஆழத்தில், ஹைபோதலாமஸ் பக்கம் மின்முனை வைத்ததில் பெல்ஜியத்தில் ஒருவர் மூளை ரத்தக்கசிவால் இறந்தே போனார். 2010இல் வெளியான பிரெஞ்சுச் சோதனையில் 11 பேரிடம், மின்சாரம் ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்லாமல் இயக்கிப் பார்த்த ஒரு மாதத்தில் வித்தியாசமே இல்லை. தெரிவித்துவிட்டு ஓடவிட்டபோது 6 பேருக்கு வலி வருவது பாதிக்கு மேல் குறைந்தது. மெதுவாக வேலை செய்யும் மின்சாரமா, நம்பிக்கையா என்பதை 11 பேரை வைத்துச் சொல்லிவிட முடியாது. மண்டையைத் துளைக்க ஒப்புக்கொள் என்று கேட்க அது நிச்சயம் போதாது.