பிடுங்கி எறியும் கதைகள்

கைப்பேசி விளையாட்டில் மூழ்கிப்போன பையனைப் பற்றிய கதைகள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பையன் சாப்பிட மாட்டான், படிக்க மாட்டான், கூப்பிட்டால் காதில் விழாது. கடைசிப் பாராவில் தகப்பனார் கைப்பேசியைப் பிடுங்கிச் சுவரில் அடிப்பார். பையன் அழுவான், திருந்துவான். மறுநாள் காலையில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று ஆசிரியருக்குக் கவலை இல்லை.

இந்தக் கதைகளில் வீடு எப்போதும் பட்டணத்து வீடு. சிவகாசியைச் சுற்றியுள்ள ஒரு கிராமத்தில் கொண்டுபோய் வைத்தால் கதை நொண்டுகிறது. அங்கே தாய் விடிகிற வேளையில் சோறாக்கி வைத்துவிட்டுப் பட்டாசு ஆலை வண்டியில் ஏறுகிறாள். பொழுது சாய்ந்துதான் திரும்புகிறாள். 2020-ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பாடத்துக்கென்று உள்ளே வந்த கைப்பேசி, பள்ளி திறந்த பிறகும் போகவில்லை. பையனுக்கு அதுவே பாட்டி, அதுவே மைதானம், அதுவே சிநேகிதன். பிடுங்கலாம், அந்த இடத்தில் எதை வைப்பது?

இதே ஊரைப் பற்றி இதே கேள்வியை வேறொரு விஷயத்தில் முன்பே கேட்டிருக்கிறார்கள். தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசுத் தொழிலிலும் உழைத்த பிள்ளைகளைப் பற்றி 1990-ல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். ஊருக்குச் சூட்டிய பெருமைப் பெயரையும் அதைச் சுமந்த பிஞ்சுக் கைகளையும் தலைப்பிலேயே பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டார். பிறகு 1996 டிசம்பரில், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்பதோடு அது நிற்கவில்லை. அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை தரவேண்டும், முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்கவேண்டும், பிள்ளை பள்ளிக்குப் போகவேண்டும் என்றது. தீர்ப்பு முழுக்க நிறைவேறிற்றா என்பது வேறு பேச்சு. ஒன்றை எடுத்தால் வேறொன்றை வைக்கவேண்டும் என்று நீதிபதிகளுக்குத் தோன்றியது, கதை எழுதுகிறவர்களுக்குத் தோன்றவில்லையே!

மருத்துவர்கள் நம்மைவிட நிதானமானவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் இதற்கு இடம் உண்டு. ஆனால் விளையாட்டின் மேல் பிடி தளர்ந்து, மற்றதெல்லாம் பின்னுக்குப் போய், கெடுதல் கண்டும் விடமுடியாமல், பொதுவாக ஒரு வருஷமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். அப்படிப்பட்ட பிள்ளைக்கு வைத்தியம் வேண்டும்; பெங்களூர் நிம்ஹான்ஸில் 2014-லேயே இதற்கென்று தனிப் பிரிவு தொடங்கினார்கள். அரசாங்கத்தின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே யோசனை கேட்கலாம். மற்றப் பிள்ளைகளுக்கு, நேரத்தை அவர்களோடு பேசி வகுப்பதும், படுக்கைக்குக் கைப்பேசி போகாதிருப்பதும், மாலையில் ஒரு பெரியவர் கூட இருப்பதும் போதும். கடைசியாகச் சொன்னது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த ஆலை வண்டியில் ஏறுகிறவளுக்குத் தெரியும்.

நான் படிக்க விரும்பும் கதை ஒன்று உண்டு. தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம். வேலை நெருக்கும் காலம். அலுமினியப் பொடி படிந்த கையைக் கழுவிவிட்டு அவள் பாயில் வந்து உட்காருகிறாள். "என்னடா அது, எனக்கும் காட்டு" என்கிறாள். பையன் நம்பாமல் பார்க்கிறான். அவள் ஆடித் தோற்கிறாள், அவன் சிரித்துவிடுகிறான். மறுநாள் வண்டி வந்து நிற்கும்போது அவன் வாசலில் நிற்கிறானா, பாயில் கிடக்கிறானா? அங்கிருந்து ஆசிரியர் எழுதட்டும்.