வசவால் ஜெயிக்கும் வாள்சண்டை

புதுக்கோட்டைக் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ ஆடிய மத்தியானங்கள் இன்னும் இனிக்கின்றன. ரான் கில்பர்ட் குழுவினர் 1990-இல் உருவாக்கிய விளையாட்டு. திரையின் அடியில் எடு, திற, தள்ளு, பேசு என ஆங்கில வினைச்சொற்கள். ஒன்றை மவுஸால் தொட்டு, படத்தில் ஒரு பொருளைத் தொட வேண்டும். அவசரமே கிடையாது.

வாள்சண்டையில்கூடக் கைவேகம் எடுபடாது. எதிராளியின் வசவுக்குச் சரியான பதிலடி சொல்பவனே ஜெயிப்பான். எசப்பாட்டு கேட்டு வளர்ந்த எங்களுக்கு இதைவிட நெருக்கமான சண்டை ஏது!

நடுவில் கப்பி பொருத்திய ரப்பர் கோழி எதற்கென்று பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். கம்பிவடத்தில் மாட்டிச் சறுக்கிப் பக்கத்துத் தீவுக்குப் போகத்தான்! கண்டுபிடித்தபோது கடைக்குள் எழுந்த கூச்சல், எந்தத் துப்பாக்கி விளையாட்டிலும் அப்புறம் நான் கேட்காதது.