எழுபதில் ஒரு நடுக்கம்

மணிக்கு 68 கிலோமீட்டரில் ஆரம்பிக்கும். 70-இல் சீட்டுக்கு அடியிலிருந்து ஏறி இடுப்பைத் தொடும். 76 தாண்டினால் அடங்கிவிடும். ஆறு வாரம் என் கான்டெசாவில் இந்த நடுக்கத்தோடு வாழ்ந்தேன். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து விருத்தாசலம் போகிற சாலையில், கரும்பு டிராக்டர் இல்லாத நேரமாகப் பார்த்துக் காலை வைத்தால், வண்டி தானாக வந்து நிற்கிற வேகமும் அதே 70-தான்.

என் மாமனார் 1986-இல் வாங்கிய வண்டி. கடைசிப் பன்னிரண்டு வருடம் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. தகர வேலை, பெயின்ட், சீட் எல்லாம் முடிந்து வெயிலில் நிறுத்தியபோது அந்த நீண்ட பானட்டைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "என்ன எஞ்சின் போடப் போறீங்க?" இந்தியாவின் மசில் கார் என்று கான்டெசாவைக் கொண்டாடுகிறவர்கள் இன்றைக்கு நிறைய. உருவத்துக்கு அந்தப் பெயர் தகும். பிறந்தபோது அதன் நெஞ்சுக்குள் இருந்த எஞ்சினுக்குத் தகாது.

கான்டெசாவின் உடம்பு இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டருடையது. அந்த நாட்டில் அதே உடம்பு 1.8, 2.3 லிட்டர் எஞ்சின்களோடு ஓடியது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் இங்கே கொண்டுவந்தபோது அம்பாசடரின் 1489 சிசி பி.எம்.சி. எஞ்சினையே வைத்தது. சுமார் 50 குதிரைத்திறன், நான்கு கியர். ஒரு டன்னுக்கு மேல் கனக்கிற வண்டிக்கு அது போதவில்லை என்று கம்பெனிக்கே தெரிந்திருக்க வேண்டும். சில வருடங்களில் இசுசுவின் 1817 சிசி பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தன. 88 குதிரைத்திறன். கான்டெசா கிளாசிக் என்று நாம் ஆசையாகச் சொல்வது அதைத்தான்.

எனக்கு யோசனை சொன்னவர்கள் பலர். குவாலிஸ் டீசல் என்றார் ஒருவர். தவேரா என்றார் இன்னொருவர். அதன் டீசல் எஞ்சினும் இசுசு வழி வந்ததுதான். பழைய ஆட்கள் மட்டடார் எஞ்சின் பொருத்திய அம்பாசடர்களை நினைவுபடுத்தினார்கள். இளைஞர்கள், இன்றைய கார் எஞ்சின் ஒன்றை அப்படியே இறக்கிவிடலாமே என்றார்கள். இன்றைய சின்னக் கார்களில் பெரும்பாலும் எஞ்சின் குறுக்கே படுத்திருக்கிறது. முன் சக்கரத்தைத்தான் இழுக்கிறது. கான்டெசாவுக்கு எஞ்சின் நெடுக்கே நிற்க வேண்டும், பின்னால் கியர் பெட்டி நீள வேண்டும், அங்கிருந்து ஷாஃப்ட் பின் அச்சுக்குப் போக வேண்டும். இந்த ஒரு நிபந்தனையிலேயே பட்டியலில் முக்கால்வாசி விழுந்துவிடும். மிஞ்சுகிற டீசல்கள் முன்பக்கத்தில் கனத்தை ஏற்றும். முன் ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டிவரும். கம்ப்யூட்டர் வைத்த எஞ்சின் என்றால் அதன் வயரிங் மொத்தமும் கூடவே வர வேண்டும்.

கம்பெனியே இந்த உடம்புக்கென்று தேர்ந்தெடுத்த இசுசு 1.8-ஐயே எடுத்தேன். 1990-களில் அம்பாசடரிலும் அதே எஞ்சின் வந்ததால் உதிரி பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. சென்னை புதுப்பேட்டையில், உடைத்த கிளாசிக் ஒன்றிலிருந்து எஞ்சின், ஃப்ளைவீல், கிளட்ச், பெல் ஹவுசிங், கியர் பெட்டி, மவுண்டிங் பிராக்கெட் எல்லாவற்றையும் ஒரே செட்டாக வாங்கினேன். இதை அழுத்திச் சொல்கிறேன்: எஞ்சினை ஓரிடத்திலும் பெட்டியை இன்னோரிடத்திலும் வாங்காதீர்கள். நடுவில் ஒரு தகட்டைக் கடைந்து இரண்டையும் சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தத் தகடு ஒரு நூல் மையம் தப்பினாலும் கிளட்சும் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும்.

எஞ்சின் எனக்குக் கொடுத்த சந்தோஷம் பெரிது. ஆனால் அதைவிட ஐந்தாவது கியர் கொடுத்தது பெரிது. நான்காவதில் எஞ்சின் சுற்றும் வேகமும் ஷாஃப்ட் சுற்றும் வேகமும் ஒன்றே. ஐந்தாவதில் எஞ்சினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றுகிறது. உளுந்தூர்பேட்டை தாண்டி நாற்கரச் சாலையில் 90-இல் போகும்போது ஐந்தாவதுக்கு மாற்றினால், அதுவரை பேசிக்கொண்டிருந்த எஞ்சின் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. பழைய நான்கு கியர் பெட்டியோடு 80-இலேயே மாமனார் ரேடியோ சத்தத்தைக் கூட்டுவார். முதலில் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள், அதோடு வரும் எஞ்சினை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

அந்தப் பெட்டியோடுதான் நடுக்கமும் வந்தது. எஞ்சினை இறக்கிப் பூட்டிய பட்டறையிலிருந்து வண்டி கையில் வந்த அன்றே 70-இல் ஆடியது. "டயரு சார்" என்றார்கள். நான்கு சக்கரத்தையும் பேலன்ஸ் செய்தேன். ஆடியது. முன் சக்கரத்தைப் பின்னுக்கும் பின் சக்கரத்தை முன்னுக்கும் மாற்றினேன். ஆட்டம் இடம் மாறவில்லை. எஞ்சின் மவுண்டிங் ரப்பரைப் புதிதாகப் போட்டேன். மூன்று வாரம் இப்படிப் போனது. விருத்தாசலத்தில் வாங்கிய இரண்டு பீங்கான் கோப்பைகளை என் மனைவி பின் சீட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்திருந்தாள். 70 தொட்டதும் அவை கிணுகிணுக்கும். ஸ்பீடோமீட்டரைப் பார்க்காமலே வேகம் சொல்லப் பழகிவிட்டோம்.

நாமே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. காலியான நேர்ச் சாலையில் 80 வரை போய், கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து வண்டியைத் தானாக ஓடவிடுங்கள். எஞ்சின் ஐடிலுக்கு இறங்கிவிடும். 70-ஐக் கடக்கும்போது நடுக்கம் வந்தால் எஞ்சின் குற்றவாளி இல்லை. ஆண்டிமடம் சாலையில் ஒரு விடியற்காலை செய்து பார்த்தேன், கோப்பைகள் கிணுகிணுத்தன. இன்னொரு அடையாளம்: ஸ்டியரிங் ஆடினால் முன் சக்கரத்தைப் பாருங்கள், ஸ்டியரிங் அமைதியாக இருந்து சீட்டும் தரையும் ஆடினால் ஷாஃப்டைப் பாருங்கள்.

ஐந்து கியர் பெட்டி பழையதைவிட நீளம். அதனால் ஷாஃப்டை வெட்டிச் சுருக்கித்தான் ஆக வேண்டும். பட்டறையில் வெட்டி, கண்ணளவில் பிடித்து வெல்டிங் வைத்திருந்தார்கள். ஷாஃப்டின் இரு முனையிலும் கவட்டை போல யோக் இருக்கும், அதில் சிலுவை வடிவில் க்ராஸ் உட்காரும். கோணத்தில் சுழலும் க்ராஸ் ஒன்று, ஒரே சுற்றுக்குள் ஷாஃப்டை இரண்டு முறை வேகப்படுத்தும், இரண்டு முறை தாமதப்படுத்தும். மறுமுனையில் இருக்கும் க்ராஸ் அதே கோணத்தில் இருந்து, இரண்டு கவட்டைகளும் ஒரே நேரில் இருந்தால், முதலாவது செய்ததை இரண்டாவது சரிசெய்துவிடும். கழற்றித் தரையில் போட்டு இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தபோது கவட்டைகள் நேரில் இல்லை. விரலால் தடவினாலே தெரியுமளவு திருகியிருந்தது. பெட்டியின் வாலும் தாழ்ந்து தொங்கியது. ஆக, இரண்டு கோணமும் வேறு வேறு.

எனக்குக் கோபம் வந்தது. எஞ்சினுக்குப் பிஸ்டன் வளையம் அளந்து போட்ட அதே கைகள், ஓர் அடி ஸ்கேலை வைத்துப் பார்க்கச் சோம்பியிருக்கின்றன. லாரிக்கு ஷாஃப்ட் பேலன்ஸ் செய்யும் ஒரு கடைக்குத் திருச்சிக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவர் ஷாஃப்டைக் கையில் வாங்கியதுமே, "தம்பி, இத வச்சா இத்தன நாள் ஓட்டுனீங்க?" என்றார். வெல்டிங்கை அறுத்து, கவட்டையை நேராக்கி, புது க்ராஸ் போட்டு, மெஷினில் சுழலவிட்டு, பைப்பின் மேல் நகத்தளவு இரண்டு தகடுகளைப் பற்றவைத்தார். பெட்டியின் மவுண்டிங்குக்கு அடியில் வைக்க ஒரு தகட்டையும் வெட்டித் தந்தார். அரை நாள் வேலை.

காகித வேலையையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும், ஆர்.சி.யில் ஏற வேண்டும். எஞ்சினை வாங்கும்போதே ரசீதை வாங்கிவிடுங்கள். இன்னொன்று பலர் யோசிப்பதில்லை. 2021-இல் வந்த விதிகளின்படி 50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். ஆனால் சேசிஸ், உடம்பு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. என் வண்டிக்கு 2036-இல் 50 ஆகும். அதை நினைத்து மாமனாரின் பழைய எஞ்சினையும் நான்கு கியர் பெட்டியையும் கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, கொட்டகையிலேயே வைத்திருக்கிறேன். அன்றைக்கு என்ன செய்வது என்பதை என் மகள் முடிவு செய்யட்டும். மாற்றும் எவரும் பழையதைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

ஷாஃப்டைப் பூட்டிய மறுநாள் பெண்ணாடம் வரை போய்த் திரும்பினோம். பின் சீட்டிலிருந்து மனைவி கேட்டாள், "ஏங்க, இன்னும் எழுபது வரலையா?" முள் 74-இல் இருந்தது.

குளிர்ந்த எஞ்சினோடு கிளம்பும்போது இரண்டாம் கியர் மட்டும் இன்னும் உரசுகிறது. சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்க வேண்டும். பொங்கல் கழித்துப் பெட்டியை இறக்கிப் பார்க்க வேண்டும். வளையம் ஒரு ஜோடி புதுப்பேட்டையில் சொல்லி வைத்திருக்கிறேன்.